விருந்தாளி வைத்த விருந்து

1987இல் வெளிவந்த ஒரு டேனிஷ் படத்துக்கு மொழிக்கு ஒரு பெயர். பிறந்த வீட்டில் அது ‘பாபெத்தஸ் கெஸ்தெபூத்’. ஆங்கிலத்தில் ‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’. பிரெஞ்சில் ‘ல ஃபெஸ்தான் த பாபெத்’. தமிழில் அதைப் பற்றிப் பேசும்போது ‘பாபெத்தின் விருந்து’ என்கிறோம். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒன்றே. வேரைத் தோண்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையிலிருந்து வருகிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும் பண்டிகையிலிருந்து புறப்படுகின்றன. டேனிஷ், வாசலில் வந்து நிற்கும் ஆளிலிருந்து. தமிழ் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம். படத்தை விளங்கிக்கொள்ள அதன் பெயரிலுள்ள இரண்டு சொற்களே போதும் என்பது என் கட்சி.

முதலில் கதைச் சுருக்கம். எழுதியவர் கேரன் பிளிக்ஸன் (1885–1962), டென்மார்க்கைச் சேர்ந்தவர்; ‘ஐசக் டினேசன்’ என்ற ஆண்பெயரில் எழுதியவர். இந்தக் கதையை அவர் ஆங்கிலத்தில்தான் எழுதினார். 1950இல் அமெரிக்காவின் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில் வந்தது, 1958இல் தொகுப்பு நூலில் சேர்ந்தது. கதை நடப்பது நார்வேயின் வடகோடியில். இயக்குநர் கேப்ரியல் ஆக்ஸல் அதை டென்மார்க்கின் ஜட்லாந்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். டென்மார்க்குக்குச் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான முதல் ஆஸ்கரை வாங்கித் தந்தது இந்தப் படமே.

ஒரு போதகர். அவர் தொடங்கிய சின்னஞ்சிறு சபை. அவர் காலமான பிறகு, மணம் செய்துகொள்ளாத அவருடைய இரண்டு மகள்கள் அந்தச் சபையைக் கட்டிக் காக்கிறார்கள். 1871இல் ஒரு புயல் இரவு, பாரிஸிலிருந்து தப்பி ஓடிவந்த ஒருத்தி அவர்கள் கதவைத் தட்டுகிறாள். கணவனையும் மகனையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கையில் ஒரு பழைய நண்பரின் கடிதம். அவளுக்குச் சமைக்கத் தெரியும் என்று மட்டும் அதில் போகிற போக்கில் ஒரு வரி. சம்பளம் கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்கிறார்கள் சகோதரிகள். சம்பளம் வேண்டாம் என்கிறாள் அவள். ஆண்டுகள் ஓடுகின்றன. ஒருநாள் பிரெஞ்சு லாட்டரியில் அவளுக்குப் பத்தாயிரம் ஃபிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு வேளை பிரெஞ்சுச் சாப்பாடு சமைத்துப் போட அனுமதி கேட்கிறாள், தன் செலவில்.

அவள் பெயர் பாபெத் எர்சான். ‘பாபெத்’ முழுப்பெயர் அல்ல, செல்லப்பெயர். பிரெஞ்சில் ‘-எத்’ என்பது சிறுமை குறிக்கும் பெண்பால் விகுதி. வேலைக்காரியைச் சுருக்கப் பெயரால் கூப்பிடுவது அந்தக் காலத்து வழக்கம். சுருக்கத்தை விரித்தால் எலிசபெத். இசபெல், எல்சா, லிசா, லிஸ்பெத், பெட்டி எல்லாம் அதே மரத்தின் கிளைகள். வேர் எபிரேய மொழியில் இருக்கிறது: எலிசெவா. ஆரோனின் மனைவிக்கு அந்தப் பெயர்; தமிழ் விவிலியத்தில் எலிசபாள். யோவான் ஸ்நானகனின் தாய்க்கும் அதே பெயர், கிரேக்கத்தின் வழியாக வந்ததால் எலிசபெத்து.

‘ஏல்’ என்றால் இறைவன். ‘செவா’ என்றால் ஏழு. அதே வேரிலிருந்து ‘ஆணையிடு, சத்தியம் செய்’ என்ற வினையும் வருகிறது. ஏழுக்கும் சத்தியத்துக்கும் என்ன உறவு என்பதற்கு ஆதியாகமத்திலேயே ஒரு கதை உண்டு. ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்தி, ஒரு கிணற்றின் உரிமைக்காக உடன்படிக்கை செய்கிறார். அந்த இடத்துக்குப் பெயெர்செபா என்று பெயர்: ஏழின் கிணறு, ஆணையின் கிணறு. ஆகவே எலிசெவா என்பதற்கு ‘என் இறைவன் ஆணை’ என்று பொருள் கொள்வோரே மிகுதி.

ஆனால் அதே மூன்று எழுத்துகளுக்கு இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. எபிரேயத்தில் ‘ஷ’வுக்கும் ‘ஸ’வுக்கும் ஒரே எழுத்துதான்; அதன் தலைமேல் வைக்கும் புள்ளி வலப்பக்கம் இருந்தால் ‘ஷ’, இடப்பக்கம் இருந்தால் ‘ஸ’. அந்தப் புள்ளிகளும் பிற்காலத்தில் ஓதுவார் வசதிக்காகச் சேர்த்தவை. புள்ளியை இடப்பக்கம் தள்ளிவிட்டால் அதே மூன்றெழுத்து ‘வயிறாறுதல், போதும் போதும் என்ற நிறைவு’ என்று பொருள்படும். ‘இறைவன் நிறைவு’ என்று இந்தப் பெயரைப் படிப்பவர்களும் உண்டு. ஒரு புள்ளியின் இடவலத்தில் சத்தியமும் வயிற்றுநிறைவும் பிரிந்து நிற்கின்றன.

படத்தின் மோதலே இதுதான். விருந்துக்கான சாமான்கள் கடல்வழியாக வந்து இறங்குகின்றன: கூண்டுக்குள் காடைகள், மரப்பெட்டிகளில் ஒயின், தலையை நீட்டி நெளியும் உயிருள்ள கடலாமை. ஆமையைப் பார்த்து மூத்தவள் நடுங்கிப்போகிறாள். இது சாத்தானின் பந்தியாக முடிந்துவிடுமோ என்ற பயத்தில் சபையாரிடம் அழுது தீர்க்கிறாள். அவர்கள் ஒரு சத்தியம் செய்கிறார்கள்: சாப்பிடுவோம், ஆனால் சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டோம், நாக்குக்கு ருசியே இல்லாததுபோல் உட்கார்ந்திருப்போம். அவர்கள் நாவில் ஆணை. எலிசெவா வைத்ததோ நிறைவு.

எலிசபெத் என்ற பெயருக்கு ஐரோப்பாவில் சோற்றோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. ஹங்கேரி நாட்டு அரசன் மகள் எலிசபெத் (1207–1231), சிறு பிராயத்திலேயே ஜெர்மனியின் வார்ட்பர்க் கோட்டைக்கு வந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். 1226இல் பஞ்சம் வந்தபோது அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்குக் கொடுத்தார். முந்தானையில் ரொட்டியை மறைத்து எடுத்துப் போகும்போது வழிமறித்தார்களாம். பிரித்துக் காட்டினால் உள்ளே ரோஜாப்பூ. 24 வயதில் இறந்து, நான்கே ஆண்டுகளில் புனிதர் பட்டம் பெற்றார். அன்றிலிருந்து கத்தோலிக்க வீடுகளில் எலிசபெத் என்றால் அன்னம் இடுபவள்.

இப்போது சகோதரிகளின் பெயர்களைப் பாருங்கள். மூத்தவள் மார்ட்டீன், இளையவள் ஃபிலிப்பா. மார்ட்டின் லூதர் பெயரையும் அவருடைய நண்பர் ஃபிலிப் மெலங்க்தன் பெயரையும் போதகர் தம் மகள்களுக்கு இட்டதாகக் கதையிலேயே வருகிறது. லூதர் தலைமறைவாக இருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்த இடம் எது தெரியுமா? 1521–22இல், அதே வார்ட்பர்க் கோட்டை. எலிசபெத் ரொட்டி சுமந்து இறங்கிய மலைமேல்தான் லூதர் வேதம் எழுதினார். கத்தோலிக்கப் பெயர் கொண்ட ஒருத்தியும் லூத்தரன் பெயர் கொண்ட இருவரும் ஒரே அடுப்படியில் சேர்வது ஐரோப்பிய மதப்பிளவின் இரு கரைகள் ஒரே கூரைக்குக் கீழ் வருவதுதான். இந்த லூத்தரன் பக்தி நமக்கும் அந்நியமல்ல. டென்மார்க் அரசன் நான்காம் ஃபிரெடரிக் அனுப்ப, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, இதே உள்ளார்ந்த பக்தி மரபில் வந்தவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சேறியது.

பாபெத் என்ற பெயருக்கு இன்னொரு உரிமைக்காரியும் இருக்கிறாள். ஜெர்மன் பேசும் பகுதிகளில் பார்பரா என்ற பெயரையும் பாபெத் என்று சுருக்குவார்கள். பார்பரா என்பது கிரேக்கத்தின் ‘பார்பரோஸ்’ என்பதன் பெண்பால்: நம் மொழி பேசாதவள், அயலாள். பிரெஞ்சுக்காரியான நம் பாபெத்துக்கு எலிசபெத் என்று கொள்வதே முறை. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகப் பார்பராவை அவள் தலையில் கட்டக் கூடாது. ஆயினும் அந்த மேஜைமேல் ஒரு பார்பரா உண்மையாகவே இருந்தாள். இரண்டாவது பதார்த்தத்தோடு பரிமாறப்படும் 1860ஆம் ஆண்டு ஷாம்பெயின், ‘வெவ் கிளிக்கோ’. ‘வெவ்’ என்றால் விதவை. 27 வயதில் கணவனை இழந்து, அந்த ஒயின் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்து உலகறியச் செய்த அம்மாளின் இயற்பெயர் பார்ப்-நிக்கோல். பார்ப் என்பது பார்பராவின் பிரெஞ்சு வடிவம். ஒரு விதவை சமைத்த சாப்பாட்டோடு இன்னொரு விதவையின் மது. சத்தியத்தைக் காக்கும் சபையார் அதை ஏதோ எலுமிச்சைப் பானம் என்று நினைத்துக் குடிக்கிறார்கள்.

இனித் தலைப்பின் இரண்டாம் சொல். ‘கெஸ்தெபூத்’ என்பது கூட்டுச்சொல்: ‘கெஸ்த்’, ‘பூத்’. இன்றைய டேனிஷில் சற்றுப் பழைய வாடை அடிக்கும் சொல். பழைய டேனிஷ் விவிலியத்தில் ஆயக்காரன் லேவி இயேசுவுக்கு வைக்கும் பெரிய விருந்து இந்தச் சொல்லால்தான் வருகிறது. விருந்து வைத்தால் ஏழைகளையும் முடவரையும் குருடரையும் கூப்பிடு என்று லூக்கா 14இல் வரும் இடத்திலும் இதுவே.

‘கெஸ்த்’ என்றால் விருந்தாளி. ஆங்கிலத்தின் ‘கெஸ்ட்’, ஜெர்மனின் ‘காஸ்ட்’, ரஷ்ய மொழியின் ‘கோஸ்த்’ எல்லாம் உடன்பிறப்புகள். லத்தீனில் இந்த உறவுக்காரனைத் தேடினால் திடுக்கிடுவோம்: ‘ஹோஸ்திஸ்’, அதாவது பகைவன். முதலில் அயலான் என்றுதான் பொருள். ரோமனோடு சம உரிமை கொண்ட அயலானைக் குறித்தது. போகப்போக ‘எதிரி’ என்று கறுத்துவிட்டது. அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு லத்தீன் சொல் ‘ஹோஸ்பெஸ்’. அதற்கு வந்தவன் என்றும் பொருள், வரவேற்பவன் என்றும் பொருள். நம் ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் அந்த வழியில் வந்தவை. பாபெத்தின் தாய்மொழியான பிரெஞ்சில் இன்றுவரை ‘ஓத்’ என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பதை இடம்பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

விருந்தாளிக்கும் பகைவனுக்கும் இடையிலுள்ள இந்த மெல்லிய சுவர் பாபெத்தின் பழைய வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. அவள் தலைமைச் சமையல்காரியாக இருந்ததாகக் கதை சொல்லும் ‘கஃபே ஆங்லே’ கற்பனை அல்ல. பாரிஸில் 1802இல் தொடங்கி 1913இல் மூடப்பட்ட புகழ்பெற்ற உணவகம். ‘ஆங்கிலேயக் கஃபே’ என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைக்கக் காரணம், அது தொடங்கிய ஆண்டில் ஆமியான் நகரில் இரு நாடுகளும் போட்ட சமாதான உடன்படிக்கை. நேற்றைய எதிரி இன்றைய விருந்தாளி. ஓராண்டு கழிந்ததும் மறுபடி யுத்தம். 1867 ஜூன் 7 அன்று அதே உணவகத்தில் அடோல்ஃப் டுக்லெரே என்ற சமையற்கலைஞர் பிரஷ்ய அரசர் வில்ஹெல்முக்கும் ரஷ்யாவின் ஜாருக்கும் ஜார் மகனுக்கும் பிஸ்மார்க்குக்கும் சமைத்துப் போட்டார். ‘மூன்று பேரரசர் விருந்து’ என்று அதற்குப் பெயர். மூன்றே ஆண்டில் வில்ஹெல்மும் பிஸ்மார்க்கும் படையோடு வந்து பாரிஸை முற்றுகையிட்டார்கள். விருந்துண்ட வாய்கள் ஊரைப் பட்டினி போட்டன.

முற்றுகை முடிந்ததும் பாரிஸ் மக்கள் கம்யூன் அமைத்தார்கள். 1871 மே மாதத்தில் அரசுப்படை அதை இரத்தத்தில் முடித்தது. அந்தப் படுகொலையில் பெயர் கெட்டவர் ஜெனரல் காலிஃபே. கதையில் பாபெத் அவருடைய கையிலிருந்துதான் தப்பி வருகிறாள். கடைசி விருந்தில் எதிர்பாராமல் பன்னிரண்டாவது ஆளாக வந்து சேரும் சுவீடன் நாட்டு ஜெனரல் லொவென்ஹியெல்ம், காடையை வாயில் வைத்ததும் திகைத்துப்போகிறார். மாவுக்கூட்டில் காடை, உள்ளே வாத்து ஈரலும் காளானும்: ‘காய் ஆன் சார்கோஃபாழ்’, சவப்பெட்டிக் காடை. இதை நான் கஃபே ஆங்லேயில் சாப்பிட்டிருக்கிறேன், அங்கே சமைத்தவர் ஒரு பெண், அன்று என்னை அழைத்துப்போனவர் காலிஃபே என்கிறார். அவளுடைய கைமணத்தை உலகிலேயே நன்றாக அறிந்து ரசித்தவர்களில் ஒருவரே அவள் குடும்பத்தை அழித்த கட்சியின் தளபதி. அதே கையால் அதே பதார்த்தத்தை அவள் மறுபடியும் செய்கிறாள், இந்த முறை உப்புக் கருவாட்டையும் பீரில் வேகவைத்த ரொட்டிக் கஞ்சியையும் தவிர வேறொன்றும் அறியாதவர்களுக்காக. ‘ஹோஸ்திஸ்’ என்ற சொல்லின் இரண்டு பொருளையும் அவள் ஆயுளிலேயே அனுபவித்து முடித்துவிட்டாள்.

‘பூத்’ என்ற பின்பாதி இன்னும் சுவையானது. ‘ப்யூதெ’ என்ற வினையிலிருந்து வந்தது. கட்டளையிடு, முன்வந்து கொடு, அழை என்று மூன்று பொருள். டேனிஷில் பத்துக் கட்டளைகளுக்கு ‘தி பூத்’ என்று பெயர். முன்னொட்டை மாற்றினால் பொருள் தலைகீழாகும்: ‘ஃபோர்பூத்’ தடை, ‘தில்பூத்’ முன்வந்து தருதல். பின்னொட்டுச் சேர்த்தால் ‘பூத்ஸ்கேப்’, அதாவது செய்தி. வேரை இன்னும் பின்னால் கொண்டுபோனால் இந்தோ-ஐரோப்பியத்தின் ‘விழித்திரு, உணர்த்து’ என்ற கருத்தில் போய் நிற்கிறது. அதே வேரின் இந்தியக் கிளைதான் புத்தர், போதி, போதம் என்று நாம் அறிந்த சொற்கள். உணர்த்துவதிலிருந்து அறிவிப்பு, அறிவிப்பிலிருந்து கட்டளை, அங்கிருந்து அழைப்பு. அந்தச் சபையாருக்கு ‘பூத்’ என்றால் அதுவரை கட்டளையும் தடையுமே. பாபெத் வந்து அதன் முன்னொட்டை மாற்றுகிறாள்.

அழைப்பு எல்லாக் காலத்திலும் நல்லதாகவே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து சுவீடனில் இதே சொல்லின் வடிவம் ‘யெஸ்தாபூத்’. அதைக் கேட்டதும் சுவீடன்காரர்களுக்கு நினைவு வருவது 1317 டிசம்பரில் நடந்த ‘நியூஷெப்பிங் யெஸ்தாபூத்’. அரசர் பீர்யெர் தம் தம்பிகள் எரிக், வால்டெமர் இருவரையும் நியூஷெப்பிங் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்தார். உண்டு படுத்த இரவிலேயே பிடித்து விலங்கிட்டுச் சிறையில் தள்ளினார். மறு ஆண்டு இருவரும் சிறையிலேயே மாண்டார்கள். பட்டினி போட்டுக் கொன்றார் என்றும் சாவியை ஆற்றில் எறிந்தார் என்றும் ஊர்க்கதை. மார்ட்டீன் ஆமையைப் பார்த்து நடுங்கியதைச் சிரித்து ஒதுக்க முடியாது என்பது இதைப் படித்தால் புரியும். அந்நியர் இடும் சோற்றில் என்ன இருக்கும் என்ற பயம் அந்தச் சொல்லின் உடன்பிறந்தது.

ஆங்கிலத்தின் ‘ஃபீஸ்ட்’ வேறு பாதை. லத்தீனின் ‘ஃபெஸ்தும்’, அதாவது தெய்வத்துக்கு ஒதுக்கிய நாள். பிரெஞ்சு ‘ஃபெஸ்தான்’ இத்தாலி வழியாக வந்து அதே இடத்தில் சேர்கிறது. படத்தைத் திருவிருந்தோடு சேர்த்துப் பேசும் கிறிஸ்தவ வாசிப்புகள் பல: பந்தியில் பன்னிரண்டு பேர், தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடும் ஒருத்தி. போப் பிரான்சிஸ் 2016இல் குடும்ப வாழ்வு பற்றி எழுதிய ‘அமோரிஸ் லெத்தீசியா’ மடலிலேயே இந்தப் படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அந்த வாசிப்பு தவறல்ல. ஆனால் பண்டிகை என்ற சொல்லில் நாளும் தெய்வமும் இருக்கின்றன, வந்தவர் இல்லை. இந்தப் படம் வந்தவளைப் பற்றியது.

பந்தி எப்படி முடிகிறது என்று பாருங்கள். சத்தியம் செய்தவர்கள் வாய் திறந்து ருசியைப் புகழவேயில்லை, ஆணையைக் காத்துவிட்டார்கள். ஆனால் நெடுங்காலம் புறம்பேசிப் பிரிந்த இரண்டு பெண்கள் சமாதானமாகிறார்கள். வியாபாரத்தில் ஏமாற்றியவன் ஒப்புக்கொள்கிறான், ஏமாந்தவன் சிரிக்கிறான். வெளியே கிணற்றடியில் கைகோத்து நின்று பாடுகிறார்கள். புள்ளி வலத்தில் இருந்தபடியே இடத்துக்கும் நகர்ந்துவிட்டது. ஆணை நிறைவானது.

சமையலறையில் அவள் களைத்து உட்கார்ந்திருக்கிறாள். பாரிஸுக்குத் திரும்பிவிடுவாள் என்று சகோதரிகள் நினைக்கிறார்கள். போகவில்லை, பணம் இல்லை என்கிறாள். கஃபே ஆங்லேயில் பன்னிரண்டு பேருக்கு ஒரு விருந்து என்றால் பத்தாயிரம் ஃபிராங்க், அதுதான் ஆயிற்று. எங்களுக்காக இவ்வளவையும் கொடுத்திருக்கக் கூடாது என்று மார்ட்டீன் வருந்த, உங்களுக்காக மட்டும் செய்யவில்லை என்ற கருத்தில் அவள் பதில் சொல்கிறாள். இந்தப் பதிலில்தான் கொடையின் நுட்பம் இருக்கிறது. அடைக்கலம் தந்ததற்கு இது கைம்மாறு என்று அவள் சொல்லியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். உங்களுக்காகவே என்று சொல்லியிருந்தால் அவர்கள் கடனாளிகள் ஆகியிருப்பார்கள். அவள் இரண்டையும் சொல்லாமல் விட்டதால் கொடுத்தவரும் வாங்கியவரும் சரிசமமாக நிற்கிறார்கள். பழைய லத்தீனில் ‘ஹோஸ்திரே’ என்று ஒரு வினை உண்டு. ‘ஹோஸ்திஸ்’ என்பதோடு சேர்த்து எண்ணப்படுவது. அதன் பொருள் ‘சமமாக்கு’.

கடைசியாக நம் சொல். ‘விருந்து’ என்றால் பழந்தமிழில் புதுமை. புதிதாக ஆக்கப்படும் செய்யுள்வகைக்குத் தொல்காப்பியச் செய்யுளியல் இட்ட பெயரே ‘விருந்து’. புதுமையிலிருந்து புதிதாய் வந்த ஆளுக்குப் போயிற்று. குறளின் 9ஆம் அதிகாரமான விருந்தோம்பலில் ஓம்பப்படுவது சாப்பாடல்ல, வந்தவர். வந்தவருக்கு இட்ட சோற்றுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். டேனிஷ் சொல் வந்தவரை முன்னால் வைத்து அழைப்பைப் பின்னால் வைக்கிறது. தமிழ் வந்தவரையும் சோற்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்துவிட்டது.

ஆகவே ‘பாபெத்தின் விருந்து’ என்ற தமிழ்த் தலைப்பு ஆங்கிலத் தலைப்பைவிட அசலுக்கு நெருக்கம். பாபெத் ஆக்கிய சாப்பாடு என்றும் அதைப் படிக்கலாம், பாபெத்திடம் வந்த விருந்தினர் என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பில் அந்த வீட்டின் உரிமைக்காரிகளான மார்ட்டீனும் ஃபிலிப்பாவும் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே அவளுடைய விருந்தாளிகள். அண்டி வந்தவள் ஒருவேளைச் சோற்றினால் வீட்டுக்காரியாகிவிட்டாள். அதற்காக யாரையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை.